யோகா நேரம்

"புருஷன் படுத்த படுக்கையா கெடக்குறான். உனக்கு யோகா கேக்குதா?"

ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனார் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் யோகா பாயை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்த் தாழிட்டாள்.

மின்கம்பத்திலிருந்து விழுந்த கணவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. விடிந்ததும் அவனைப் புரட்டிப் படுக்கவைத்து, உடம்பு துடைத்து, மூத்திரப் பையை மாற்றுவாள். பிறகு யோகா நேரம். அது முடிந்ததும் தையல் கம்பெனிக்கு ஓடுவாள். கல்யாணமான நாளிலிருந்து இருக்கும் பழக்கம். விபத்துக்குப் பிறகும் பாயை எடுக்காத நாளில்லை.

"உன் பொண்டாட்டி கல்நெஞ்சுக்காரிடா," என்றாள் அக்கா தம்பியிடம். "நீ விழுந்ததுலேருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பாக்கல."

அவன் விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தான்.

ஆத்திரம் தாங்காமல் அக்கா எழுந்துபோய்க் கதவைத் தட்டக் கையை ஓங்கினாள். உள்ளே, வாயைத் துணியால் பொத்திக்கொண்டு யாரோ அழும் சத்தம். விட்டு விட்டு, அடிவயிற்றிலிருந்து வந்தது.

ஓங்கிய கையை இறக்கியவள், திரும்பி வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"டேய், அவ உள்ள..."

"தெரியும்க்கா. யோகாவெல்லாம் அவ எப்பவோ விட்டுட்டா. என் முன்னாடி அழ மாட்டேங்குறா. அதான், யோகாவுக்கு நேரமாச்சுன்னு தெனமும் நானே அனுப்பி வைக்கிறேன்."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"எனக்குக் கேக்குதுன்னு அவளுக்குத் தெரியாது. நீயும் காட்டிக்காத."