காலி டப்பா

“மார்ச் 14. போன வாரம் ஒரு தவறு செய்தேன். பேச்சித்தாய் அக்காவின் டப்பாவில் காலிப் புகையிலை பாக்கெட்டுகள் குறைந்திருந்ததைப் பார்த்து, எல்லோர் முன்னாலும் கைதட்டிவிட்டேன்.”

மாலைக் கல்லூரியில் வகுப்பு தொடங்கும் முன் இவ்வளவு எழுதிவிட்டு ஜெனிட்டா பேனாவை மூடினாள். கால்கள் வலித்தன.

உப்பளத்துப் பெண்கள் போடும் புகையிலையைக் கணக்கெடுத்து, குறைக்கச் சொல்வது அவளுடைய பகல் வேலை. காலி பாக்கெட்டுகளை வீசாமல் ஆளுக்கொரு டப்பாவில் போடச் சொல்லியிருந்தாள். இன்று காலையில் எல்லா டப்பாக்களும் காலியாக இருந்தன. பாத்தி வரப்போரம் உப்புப் படிந்த பாக்கெட்டுகள் காற்றில் புரண்டன.

“எக்கா, டப்பாவுல போடலியா?”

“போட்டா உன் மொகம் வாடிப்போவுது பிள்ள. அன்னைக்கு நீ கைதட்டுனது எவ்வளவு நல்லாருந்துச்சு,” என்றாள் பேச்சித்தாய், கன்னத்தில் அதக்கிய புகையிலையோடு.

“துப்பிட்டுப் பேசுங்கக்கா.”

துப்பினாள். அப்போதும் வாய் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. உள்ளே வெள்ளையாக ஒரு திட்டு.

“சோறு எப்படிச் சாப்பிடுதீக?”

“கஞ்சிதான். அதையும் ஒன் டப்பாவுல ஊத்தணுமோ?”

மற்றவர்கள் சிரித்தார்கள். ஜெனிட்டாவும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

வகுப்பு மணி அடித்தது. அவள் மறுபடி பேனாவைத் திறந்தாள்.

“நாளை முதல் பஸ்ஸில் அக்காவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். எல்லோரிடமும் கொடுத்த டப்பாக்களைத் திரும்ப வாங்கிக்கொள்வது அதற்குப் பிறகு.”