புது ப்ராசசர்

“ஏங்க, புது ப்ராசசர் போட்டா ரெண்டே மணி நேரத்துல வீடியோ ரெடியாயிடுமாமே! இதை வச்சு வாங்கிட்டு வாங்க” என்று ஃப்ரிட்ஜுக்குச் சேர்த்த பணத்தை நீட்டினாள் செர்வா.

கானா நாட்டின் குமாசி நகரில் இழவு வீடுகளுக்கு வீடியோ எடுத்துக் கொடுக்கும் அவள் கணவன் குவாட்வோ அசையவில்லை. கம்ப்யூட்டரில், போன சனிக்கிழமை நடந்த அடக்கத்தின் என்கோடிங் பன்னிரண்டு சதவீதத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது.

“வேண்டாம். பழசே போதும்.”

“வாசல் பெஞ்சுல அந்தப் பெரியவர் நேத்துலேர்ந்து தவம் கிடக்கறார். செத்தவருக்கு அண்ணனா, தம்பியா?”

“மெதுவாப் பேசு. செத்தவரே அவர்தான்.”

செர்வா வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“வெளியூர் போனவர் லாரி விபத்துல போயிட்டார்னு நினைச்சு, வேற யாரையோ புதைச்சுட்டாங்க. யார் யார் அழுதாங்கன்னு பார்த்துட்டுத்தான் வீட்டுக்குப் போவாராம்.”

“ஐயோ பாவம், அப்போ சீக்கிரம் காட்டுங்களேன்!”

“ஏழு மணி நேரமும் நான்தானே எடுத்தேன்? ஒருத்தர் கண்ணும் கலங்கலைடி. அவர் சம்சாரம் மூணு தடவை துணி மாத்திக்கிட்டு வந்து ஆடினாங்க.”

செர்வா பணத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். சோளக் கொழுக்கட்டையும் பொரித்த மீனும் தட்டில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

“சாப்பிடுங்க ஐயா. மெஷின் ரொம்பப் பழசு. இன்னும் நாலஞ்சு நாள் ஆகும்.”