இடுப்பு தளரணும்

நைனார்பாளையம் தெய்வசிகாமணி சினைமாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கவலையோடு நின்றார். கால்நடை டாக்டர் டயானா அதன் வாலடியில் இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தாள்.

“நார் இன்னும் இறுக்கமாத்தான் இருக்குது. அது தளர்ந்து, இடுப்பெலும்பு வெலகிக் குடுத்தாத்தான் கன்னுக்கு வழி. ஒரு வாரம் ஆவுங்க.”

அவள் கை கழுவத் தொட்டிப் பக்கம் போனதும், தெய்வசிகாமணியின் மனைவி அம்சவள்ளி பரபரத்தாள்.

“யோவ், வண்டிய எடு. ஆஸ்பத்திரிக்குப் போவணும். இன்னிக்கே பொறந்துடும்.”

“இன்னாடி நீ? நார் தளரலன்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க.”

“மாட்டுக்குத் தளரல. காலைப் பரப்பிக்கினு அவங்க நடக்கிற நடையப் பாரு.”

டயானா நிறைமாத வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தாள்.

“எனக்கு இன்னும் பத்து நாள் இருக்குதுங்கக்கா.”

சொன்னவள் சட்டென்று தொட்டி விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

“அண்ணா, வண்டிய எடுங்க.”