பைஜாமா துரோகி

வெள்ளிக்கிழமை காலை சுள்ளென்று வெயில் அடித்தது. ஒன்றாம் வகுப்பில் ஒரு துரோகி இருக்கிறான் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

"எவன்டா நேத்து பைஜாமாவ ஒழுங்காப் போட்டுக்கிட்டுத் தூங்கினது?"

கேட்டது பிரிட்டா. ஆறு வயதிலேயே அவளுக்கு ஷெரீஃப் குரல்.

அமெரிக்காவின் வடக்கு மிச்சிகனில் எங்களுக்கு இது விஞ்ஞானம். பைஜாமாவை உள்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு தூங்கினால், விடிவதற்குள் பனி கொட்டும். பள்ளிக்கு லீவு. ஒருவர் ஏமாற்றினாலும் பலிக்காது. எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே அப்பாதான். அவரும் இதே பள்ளிதான்.

ஏமாற்றியது நான். பைஜாமாவை நேராகப் போட்டு, கழுத்துப் பித்தான்வரை மாட்டிக்கொண்டு படுத்தேன்.

காரணம் இருந்தது. அன்று அப்பாக்கள் வகுப்புக்கு வந்து எங்களோடு டோனட் தின்னும் நாள். அவர்களில் ஒருவர் கதைப் புத்தகம் வாசிப்பார். இந்த முறை என் அப்பா.

அவர் பனி தள்ளும் லாரி ஓட்டுபவர். பனி விழுந்தால் ஊருக்கெல்லாம் லீவு, அவருக்கு மட்டும் வேலை. என் பிறந்தநாள் ஜனவரியில். கேக் வெட்டும் படம் எதிலும் அவர் கிடையாது.

"ஆர்லோ, நீதானே?"

"போடி. நான் பனி வரணும்னு தலகாணிக்கு அடியில ஸ்பூன்கூட வச்சேன்."

துரோகம் என்று இறங்கிவிட்டால் அரைகுறையாகச் செய்யக் கூடாது.

அப்பா வந்தார். குட்டி நாற்காலியில், முழங்கால் காதைத் தொட உட்கார்ந்தார். திருமதி கல்லியோ டீச்சர் அவர் கையில் ஒரு கரடிப் புத்தகத்தைக் கொடுத்தார். அப்பா ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம்கூட இல்லை.

"ஒரு ஊர்ல ஒரு கரடி இருந்துச்சு. அதுக்கு லாரின்னா உயிரு" என்று ஆரம்பித்தார்.

நான் அவர் தோளை ஒட்டி நின்றேன். அந்த மாதம்தான் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியிருந்தேன். புத்தகத்தில் கரடி தேன் தேடிப் போனது என்று போட்டிருந்தது. லாரி எங்கேயும் இல்லை.

அடுத்த பக்கத்தில் கரடி தூங்கியது. அப்பாவின் கரடி இன்ஜின் சூடாவதற்குக் காத்திருந்தது.

அவர் விரல் வரிகளுக்குக் கீழே ஒழுங்காக ஓடியது. கண் மட்டும் படத்தை விட்டு நகரவில்லை.

வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் இருப்பார்கள் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

பிள்ளைகள் தரையில் புரண்டு சிரித்தார்கள். கரடி லாரியை ரிவர்ஸ் எடுத்துத் தபால் பெட்டியை இடித்த இடத்தில் பிரிட்டாவே துரோகியை மறந்துவிட்டாள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. கதை முடிந்ததும் புத்தகத்தை மெதுவாக வாங்கிக்கொண்டு சொன்னார்.

"இந்தக் கதைய இவ்வளவு நல்லா யாருமே சொன்னதில்ல."

பிப்ரவரியிலும் அப்பாவுக்கு வியர்த்திருந்தது. ஸ்வெட்டரைத் தலைவழியே கழற்றினார்.

உள்ளே அவர் இரவில் போட்டுக்கொண்டு தூங்கும் பழுப்புப் பனியன். எங்கள் விஞ்ஞானப்படியே உள்புறம் வெளியே திருப்பிப் போட்டிருந்தார்; தையலெல்லாம் தெரிந்தது. பின்கழுத்தில் லேபிள் நீட்டிக்கொண்டிருந்தது.

பிரிட்டா எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தாள்.

நான் அப்பாவின் மடியில் ஏறி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். லேபிளை உள்ளங்கையால் மூடினேன்.

டோனட்டை மற்றக் கையாலேயே தின்று முடித்தேன்.