ஒரே பட்டன்

"பென்டிரைவை ஏன்க்கா உருவினீங்க?"

"பச்சைக் கோடு பாதிக்கு மேல வந்துடுச்சே, போதும்னு நினைச்சேன்."

குழுத் தலைவி பல்லைக் கடித்துக்கொண்டாள். காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. நாளைக்கு நூற்று நாற்பது கிளினிக்குகளுக்கு இதே போன்ற பென்டிரைவ்கள் கிளம்பியாக வேண்டும். மாலை ஐந்துக்குள் அவற்றில் வைக்க வேண்டிய இன்ஸ்டாலர் தயாராகிவிடும் என்று மேனேஜரிடம் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள்.

திட்டம் என்னவோ எளிமையானதுதான். கிளினிக் மென்பொருள், நோயாளிகளின் விவரங்களை வைக்கும் டேட்டாபேஸ், இரண்டும் ஓடுவதற்கு வேண்டிய ரன்டைம், மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ஒரே பட்டனில் போட்டுவிட வேண்டும். இதுவரை ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போட, கிளினிக் கிளினிக்காக ஒரு ஆள் போய்க்கொண்டிருந்தார். பெட்டி நிறைய டிஸ்க்குகளோடு அலைந்ததால் ஆபீசில் அவருக்குப் பெட்டி அண்ணன் என்று பேர்.

இன்ஸ்டாலர் வந்துவிட்டால் பெட்டி அண்ணனுக்கு இங்கே வேலை இல்லை. அது வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும்.

அந்தப் பெட்டி அண்ணன்தான் இன்று காலை தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். "இவ கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்ல மேடம். இவ போட்டுட்டான்னா, யார் வேணா போட்டுடலாம்."

மேனேஜரும் "நல்ல யோசனை" என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்த அம்மா உட்கார்ந்ததிலிருந்து ஆரம்பித்தது வினை. முதல் தடவை, திரையில் இருந்த படத்தை ஏழு முறை தட்டினார். ஏழு இன்ஸ்டாலர் ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்து, கம்ப்யூட்டர் திணறி நின்றது. அடுத்த தடவை, டேட்டாபேஸுக்குப் பாஸ்வேர்ட் கேட்டது. என்னவோ அடித்தார். அடுத்த திரையில் அதையே திரும்பக் கேட்டபோது, "இப்பதானே சொன்னேன்?" என்று கம்ப்யூட்டரிடம் கோபித்துக்கொண்டார். இப்போது பென்டிரைவ்.

பெட்டி அண்ணன் மூலையில் நின்று ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார். அதுதான் அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது.

"நிஜமாவே யாராச்சும் இப்படிப் பண்ணுவாங்களாண்ணே?"

"சொல்ல முடியாது மேடம்."

அவளுக்கு விளங்கிவிட்டது. வீட்டிலேயே ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். இன்ஸ்டாலர் தோற்றால் பெட்டி அண்ணன் தப்பிப்பார். ஒரு மனுஷனின் வயிற்றுப்பாடு என்று நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. அதற்காக நான்கு மாத உழைப்பில் மண்ணை அள்ளிப் போடுவதா?

ஒரு கை பார்த்துவிடுவது என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு முறை திறந்த இன்ஸ்டாலர் மறுபடி திறக்காதபடி செய்தாள். பாஸ்வேர்டை யாரையும் கேட்காமல் அதுவே வைத்துக்கொள்ளட்டும் என்று மாற்றினாள். டேட்டாபேஸ், ரன்டைம் எல்லாவற்றையும் சட்டென்று கம்ப்யூட்டருக்குள் இறக்கிவிட்டு, அதற்குப் பிறகே வேலையை ஆரம்பிக்க வைத்தாள். இறக்கும்போதே பென்டிரைவை உருவினால், மறுபடி செருகச் சொல்லிக் கேட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரும். சாப்பிடக்கூட எழுந்து போகவில்லை. மேனேஜர் இரண்டு தடவை கதவைத் திறந்து, கைக்கடிகாரத்தைக் காட்டிவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு நாலாவது தடவை. தொண்ணூற்றேழு சதவீதத்தில் கோடு ஒரு நிமிடம் நின்றது. அந்த அம்மா குனிந்து சுவிட்சை அணைத்துவிட்டார்.

"அக்கா!"

"ரொம்ப நேரமா அசையவே இல்லையேம்மா. செத்துப் போச்சோன்னு..."

அவள் எழுந்து அறைக்குள்ளேயே இரண்டு சுற்று நடந்தாள். திரும்ப உட்கார்ந்து, எந்த நொடியில் கரண்ட் போனாலும் அடுத்த முறை தானாகத் தொடரும்படி எழுதினாள்.

ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. அந்த அம்மா ஏழு முறை தட்டினார். பென்டிரைவை உருவினார். சுவிட்சை அணைத்துப் போட்டார். இன்ஸ்டாலர் எதற்கும் அசரவில்லை. 'தயார்' என்றது திரை.

உள்ளே வந்து நின்ற மேனேஜர் கை தட்டினார். "இனிமே ஆளே போக வேண்டாம்!"

பெட்டி அண்ணன் நிற்பதைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது. "நீங்க கொஞ்சம் என் ரூமுக்கு வாங்க."

ஜெயித்த சந்தோஷம் அவளுக்கு வரவே இல்லை. இருவரும் வெளியே போனதும் அந்த அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, எல்லாம் வேணும்னேதானே பண்ணீங்க?"

"ஆமா."

இத்தனை சுலபத்தில் ஒப்புக்கொள்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"எட்டு வருஷமா, அவர் பஸ்ஸுல ரயில்ல இருக்கும்போதெல்லாம் கிளினிக்குல இருந்து வர்ற போனை நான்தாம்மா எடுக்குறேன். ஏழு தடவை தட்டினது ஒரு வயசான டாக்டர். பென்டிரைவை உருவினது ஒரு நர்ஸ். சுவிட்சை அணைச்ச இடத்துக்கு இவர் போய்ச் சேர ரெண்டு நாள் ஆச்சு. அதுக்குள்ள, ஒரு குழந்தைக்கு எந்த மருந்து ஒத்துக்காதுன்னு கம்ப்யூட்டர்ல பார்க்க வழியில்லாம, அந்த ஒத்துக்காத மருந்தையே போட்டுட்டாங்க. எப்படியோ பொழைச்சிடுச்சு. இவர்தான் அதுக்கப்புறம் சரியாத் தூங்குறதில்ல."

"இது வந்தா அண்ணனோட வேலை போயிடுமே, தெரியாதா?"

"தெரியாம என்ன? தெரிஞ்சேதான் வந்தோம்."

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா?"

"சொல்லியிருந்தா, அச்சச்சோன்னு கேட்டுக்கிட்டு, அடுத்த வருஷம் பார்க்கலாம்னு எழுதி வெச்சிருப்பீங்க. எங்க மேல சந்தேகப்பட்டீங்க பாருங்க, அதனாலதாம்மா ஒண்ணு விடாம இன்னைக்கே முடிச்சீங்க."