அமுக்கிய விரல்

லேசரால் இதயச் சதையில் பொடித்துளைகள் போட்டால் ரத்தம் தானாகப் பாயும், சோதனை சிகிச்சைதான், பயமில்லை என்று சொல்லித்தான் டாக்டர் அவள் கணவனை உள்ளே அழைத்துப்போனார். பிணமாகத்தான் திருப்பிக் கொடுத்தார்.

காரியம் முடிந்த கையோடு அவள் டாக்டருடைய அறைக்குப் போனாள்.

“ஒவ்வொரு துளையையும் ரத்தம் நிக்கிற வரைக்கும் விரலால அமுக்கிப் பிடிப்பேன்னு சொன்னீங்களே. போன் வந்ததும் பாதியிலயே எடுத்துட்டீங்களாமே? நர்ஸ் சொல்லிட்டாங்க.”

“நான் விரலை எடுக்கவே இல்லம்மா.”

“வாயைத் திறந்தா பொய்!”

டாக்டர் இடது கையால் மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். வலது ஆள்காட்டி விரல் மேஜையை அழுத்தியபடியே இருந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கையை வெடுக்கென்று பிடித்து இழுத்தாள்.

விரல் இருந்த இடத்தில், மேஜைப் பலகையில், குண்டூசித் துளை ஒன்று. அதிலிருந்து ரத்தம் பீறிட்டது. இரண்டு முறை வேகமாக, ஓர் இடைவெளி, மறுபடி இரண்டு. இத்தனை வருஷம் கணவன் மார்பில் காதை வைத்து அவள் கேட்டுத் தூங்கிய அதே நொண்டித் துடிப்பு.

“ஐயோ, கையை விடுங்கம்மா!” டாக்டர் பதறினார்.

அவள் தன் விரலால் துளையை அமுக்கினாள். ரத்தம் நின்றது.

“எந்திரிங்க,” என்றாள். “இதைக்கூட ஒழுங்காச் செய்யத் துப்பில்ல.”

அவர் எழுந்துகொண்டார். அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.