வீரசிங்கத்தின் கொம்பியூட்டர்

“அந்தக் கொம்பியூட்டரைத் தொடாதேங்கோ தம்பி. அது வீரசிங்கத்தின்ர.”

நிருஜா இதைச் சொன்னபோது அர்ஷாக் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

திருகோணமலைத் துறைமுகத்தடியில் ஒரு சரக்கு முகவர் கந்தோர். சீமெந்து லொறிகளுக்குக் கேட் பாஸ் அடிக்கிற இடம். மூன்று மேசை, மூன்று கொம்பியூட்டர். அவற்றுக்குப் புதிய இயங்குதளம் போடத்தான் அர்ஷாக் கொழும்பிலிருந்து வந்திருந்தான்.

கையில் ஒரு படிவமும் கொடுத்து விட்டிருந்தார்கள். ‘புதியதைப் பாவிக்க முடியாதவர்’ என்று அதில் ஒரு கட்டம். அதில் பெயர் விழுந்தால் வேலை போகும். கந்தோரில் எல்லாருக்கும் இது தெரியும்.

நேற்றே மூன்றுக்கும் போட்டு முடித்தான். ஏச்சும் வாங்கினான்.

“எல்லாத்தையும் நடுவில கொண்டுவந்து குவிச்சிருக்கு. தெருவோரச் சாமான் கடை மாதிரி” என்றாள் நிருஜா.

“ஒரு பிரிண்ட் எடுக்க மூண்டு கதவு திறக்க வேண்டிக் கிடக்கு” என்றான் நௌபர். “எங்கட ஊட்டு அலுமாரிக்கே ஒரு கதவுதான்.”

“ஒரு கிழமையில பழகிடும்.” அர்ஷாக் போகிற இடமெல்லாம் சொல்வது இதைத்தான்.

மூன்றாவது மேசை ஞானசேகரத்தினுடையது. புல்மோட்டைக் கிளையிலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு வருசம். ஓய்வுக்கு இன்னும் நாலு மாதம். அவர் மட்டும் ஏசவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

இன்று காலை வந்து பார்த்தால், அவருடைய கொம்பியூட்டரில் மட்டும் பழைய திரை.

“ஆர் இதை மாத்தினது?”

“வீரசிங்கம்” என்றாள் நிருஜா. “ஐயாவுக்கு முந்தி அதில இருந்தவர். அந்தக் கதிரையிலதான் உயிர் போனது. மாத்த விடமாட்டார்.”

“கொம்பியூட்டருக்குள்ள ஆவியோ அக்கா?”

“போட்டுத்தான் பாருங்கோவன்.”

மேசை ஓரத்தில் ஒரு கோப்பை பிளேன்ரீ. தினமும் காலையில் ஞானசேகரம் தன் கையால் வைப்பது. தனக்கல்ல.

“நல்ல மனிசன் தம்பி” என்றார் அவர் மெதுவாக. “நான் பிழையா அமத்தினாலும் பாஸ் சரியாத்தான் வரும். அவற்ற வேலைதான்.”

அர்ஷாக் கதிரையை இழுத்துப் போட்டான். வெளியே மாரி மழை. பத்து மணிக்கே இருட்டு. புதியது பாதி ஏறியதும் மவுஸிலிருந்து கையை எடுத்தான்.

அம்புக்குறி நகர்ந்தது.

வழி தெரிந்த ஆள் நடப்பது போல ஆறுதலாகத் திரையைக் கடந்தது. ‘இரத்துச் செய்’ என்ற இடத்தில் நின்றது. அமத்தியது. பழைய திரை திரும்பி வந்தது.

மவுஸின் வயரைப் பிடுங்கினான். அம்பு அப்போதும் நகர்ந்தது. இடப்பக்கக் கீழ் மூலையில் போய் நின்றுகொண்டது.

கோப்பையைப் பார்த்தான். தேத்தண்ணீர் பாதி குறைந்திருந்தது.

எழும்பி வெளியே போனான். கேட்டடியில் காவல்காரர் கோணேஸ்வரன் குடையோடு நின்றார்.

“அண்ணை, வீரசிங்கம் எப்பிடிச் செத்தவர்?”

“எந்த வீரசிங்கம்?”

“உள்ளுக்கு வேலை செய்தவர்.”

“இந்தக் கந்தோர் திறந்த நாளிலிருந்து கேட்டில நிக்கிறனான். அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இருந்ததில்லை.”

முதலில் இருந்த பயம் இப்போது இரண்டு மடங்கு. செத்தவன் இல்லையென்றால் அம்பை நகர்த்தினது யார்?

திரும்பி வந்து வாசலில் நின்றான். நின்றபடியே பார்த்தான்.

நிருஜா வயரைத் திரும்பச் செருகியிருந்தாள். லொறிக்காரர் கொடுத்த துண்டுச் சீட்டு நௌபரின் கையில் இருந்தது. அதை அவன் ஞானசேகரத்திடம் கொடுக்கவில்லை. உரக்க வாசித்தான்.

“சீமெந்து, நானூறு மூடை. அடியுங்கோ ஐயா.”

ஞானசேகரம் மவுஸை இடப்பக்கக் கீழ் மூலைக்கு ஒரே இழுவையாக இழுத்து அமத்தினார். அவர் முகம் திரையின் பக்கம் இல்லை. சன்னல் பக்கம் இருந்தது.

பழைய திரையில் எல்லாம் தொடங்குவது அந்த மூலையில்தான். எவ்வளவு இழுத்தாலும் அம்பு மூலையைத் தாண்டாது. மூலையைக் கண் இல்லாமலும் பிடிக்கலாம். நடுவைப் பிடிக்க ஏலாது.

அர்ஷாக் போய்ப் படிவத்தை அவர் முன்னால் வைத்தான். வேண்டுமென்றே தலைகீழாக.

“வாசிச்சுப் பாத்து ஒப்பம் வையுங்கோ ஐயா.”

அவர் கண்ணாடியைச் சரிசெய்தார். தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். தலையாட்டினார்.

“ஓம் தம்பி. எல்லாம் சரியாத்தான் கிடக்கு.”

தலைகீழாகவே ஒப்பம் வைத்தார்.

நிருஜாவின் விரல்கள் நின்றுவிட்டன. நௌபரின் மேசை இலாச்சி பாதி திறந்திருந்தது. உள்ளே வயர் இல்லாத சின்ன மவுஸ் ஒன்று.

நௌபர் எழும்பி வந்து அர்ஷாக்கின் காதடியில் சொன்னான். மீசையில் தேத்தண்ணீர் ஈரம்.

“எங்களுக்குத் தெரியாதெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார். தெரிஞ்சா அண்டைக்கே வேலையை விட்டுடுவார். நாலு மாசந்தான் தம்பி.”

அர்ஷாக் பேனையை எடுத்தான். தாளில் அது உரசுகிற சத்தம் ஞானசேகரத்துக்குக் கேட்டது.

“என்ர பெயரோ தம்பி எழுதுறீங்கள்?”

“இல்லை ஐயா.”

‘புதியதைப் பாவிக்க முடியாதவர்’ என்ற கட்டத்தில் அவன் தெளிவாக எழுதினான்:

வீரசிங்கம்.